ஒருவருக்கு மாரடைப்பு, குடும்பத்துக்கே பரிசோதனை

(அம்பத்தூரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இதய நோய் வராமல் காப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் டாக்டர் அல்ல. மதரஸாவில் ஓதி, கல்லூரியில் படித்து, இப்போது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களைப் பிரித்துப் பார்க்கிற வேலையில் இருப்பவன். ஆகவே வைத்தியம் சொல்ல வரவில்லை. இரத்தக் கொழுப்புக் கோளாறுகளுக்கென்றே மருத்துவ உலகில் ஒரு தனிப் பயிற்சி வளர்ந்திருக்கிறது. அது டாக்டருக்கு எதைக் கற்றுக் கொடுக்கிறது, அதிலிருந்து நம் குடும்பங்கள் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நமக்கு வரும் இதய நோய் மனுக்களைப் பாருங்கள். எல்லாமே மாரடைப்பு வந்த பிறகு எழுதியவை. ஸ்டென்ட், பைபாஸ், அதற்குப் பிறகு மாத்திரைச் செலவு, வேலைக்குப் போக முடியாததால் வீட்டு வாடகை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. எஸ்டேட் கம்பெனிகளில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். ஆபரேஷன் செலவை ஏதோ ஒரு வழியில் சமாளித்துவிடலாம். நாற்பத்தைந்து வயதில் குடும்பத் தலைவரை இழந்த வீட்டுக்கு எந்தத் திட்டத்தில் ஈடு இருக்கிறது?

நம் ஊர் ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐ.சி.எம்.ஆர். துணையுடன் நாடு முழுவதும் ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்தியது. அதன் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதம் பேருக்கு இரத்த அழுத்தம். கொழுப்பு அளவுகளில் ஏதேனும் ஒரு கோளாறு உள்ளவர்களோ 81.2 சதவீதம் பேர். சர்க்கரை என்றால் தாகம் எடுக்கும், உடல் சோர்ந்து போகும். கொழுப்பு அப்படி எந்த அடையாளமும் காட்டுவதில்லை. பலருக்கு அதன் முதல் அறிகுறியே நெஞ்சுவலிதான்.

இந்தக் கோளாறுகளைப் பார்க்கும் டாக்டர் எப்படி உருவாகிறார்? எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள், எம்.டி. மூன்று ஆண்டுகள், அதன் பிறகு இதயம் அல்லது நாளமில்லாச் சுரப்பித் துறையில் டி.எம். மூன்று ஆண்டுகள். ஆக பதினொன்றரை ஆண்டுகள். நம் நாட்டில் கொழுப்புக் கோளாறுக்கென்று தனி டி.எம். பட்டம் இல்லை. இதயம், சுரப்பி, பொது மருத்துவம் படித்தவர்கள் மேற்கொண்டு பயிற்சி எடுத்து இதில் தேர்ச்சி பெறுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தகுதித் தேர்வு வாரியம் 2003-இல் அமைந்தது. இங்கே லிப்பிட் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்ற மருத்துவர் அமைப்பு, இந்தியர்களுக்கான சிகிச்சைப் பரிந்துரையை 2016-இல் வெளியிட்டது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் தனி வழிகாட்டுதலைக் கொடுத்தது.

அந்த வழிகாட்டுதலில் நமக்கு வேண்டியது இதுதான். கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். சாதாரணமானவர்களுக்கு 100-க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற ஆபத்து உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே. லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சிட்டிருந்தாலும், அந்த நார்மல் எல்லோருக்கும் ஒன்றல்ல. ரிப்போர்ட்டை நாமே படித்துவிட்டு மடித்து வைக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

இந்தப் பயிற்சியில் வரும் இன்னொரு பாடத்தைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச வேண்டும். கொழுப்பு டாக்டர் நோயாளியிடம் "என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று மட்டும் கேட்பதில்லை. "உங்க அத்தாவுக்கு எத்தனை வயதில் மாரடைப்பு வந்தது? உங்க அம்மாவின் கூடப் பிறந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டு, காகிதத்தில் வம்சப் படம் வரைகிறார். கண்ணைப் பார்க்கிறார், கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிகிறதா என்று. குதிகால் நரம்பையும் விரல் முட்டிகளையும் தடவிப் பார்க்கிறார், தடிப்போ கட்டியோ இருக்கிறதா என்று. ஏன்? பரம்பரையாக வரும் கொழுப்பு நோய் ஒன்று உண்டு. உலக அளவில் ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. பிறந்த நாளிலிருந்தே அவர்களுக்கு எல்.டி.எல். அதிகம். பெரியவர் ஒருவருக்கு 190-ஐத் தாண்டினால் டாக்டர்கள் இதைச் சந்தேகிக்கிறார்கள்.

இது பிரியாணியால் வருவதல்ல. ஒல்லியானவருக்கும் வரும், தினமும் நடப்பவருக்கும் வரும். "ஆளு நல்லாத்தானே இருந்தாரு, ஒரு கெட்ட பழக்கமும் இல்லையே" என்று மய்யித்து வீட்டில் பேசிக்கொள்கிறோமே, அதில் சில வீடுகளில் காரணம் இதுவாக இருக்கலாம். டால்டாவையும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயையும் குறைப்பது எல்லோருக்கும் நல்லது. ஆனால் இந்தப் பரம்பரை நோய்க்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

தாய் தந்தையரில் ஒருவருக்கு இந்தக் குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவருக்கும் இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டு பக்கத்துக் குறையும் சேர்ந்து வரும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே இதயக் குழாய் அடைத்துக்கொள்ளலாம். மாமா மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்வது நம்மிடமும் உண்டு, இந்த ஊரில் மற்ற சமூகங்களிடமும் உண்டு. ஷரீஅத் அதைத் தடுக்கவில்லை, நானும் குறை சொல்லவில்லை. ஆனால் குடும்பத்தில் சின்ன வயது மாரடைப்பு இருந்தால், நிக்காஹ் பேசும் முன் இரண்டு பக்கமும் ஓர் இரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்வதில் என்ன நஷ்டம்?

இந்த நோய் தலைமுறைகளில் எப்படி இறங்குகிறது என்பதைத் தெளிவாக்கிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று 1964-இல் பெய்ரூத்திலிருந்து வந்தது. கச்சதூரியன் என்ற மருத்துவர் லெபனான் குடும்பங்களை வம்சம் வம்சமாகப் பரிசோதித்து எழுதியது அது. பிறகு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இருவர், இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே எடுக்கும் வாசல் ஒன்று உயிரணுவில் இருப்பதையும், இந்த நோயாளிகளுக்கு அந்த வாசல் பழுதாக இருப்பதையும் கண்டுபிடித்தார்கள். 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-இல் ஒரு பூஞ்சையிலிருந்து கொழுப்பைக் குறைக்கும் பொருளை எடுத்தார். ஸ்டேட்டின் மாத்திரைகளின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. இன்று அடோர்வாஸ்டேட்டின் மாத்திரை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. நம் மாநிலத்தில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உடனே கொடுக்கும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று.

நம் வீடுகளில் வழக்கமாக எழும் சந்தேகங்களுக்கு வருகிறேன். பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமா? முதல் பரிசோதனைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ட்ரைகிளிசரைடு அதிகமாக வந்தால் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். நோன்பில் மாத்திரை எப்படி? அடோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் இரண்டும் நாளில் ஒருமுறை, எந்த நேரமும் எடுக்கலாம். ஆகவே இஃப்தாருக்குப் பிறகு எடுத்தால் போதும். ரமளான் வந்தது என்று நிறுத்த வேண்டியதில்லை. ஈரல் கெட்டுவிடுமா? டாக்டர் இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் கொடுக்கிறார். தசைவலி வந்தால் அவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார். நாமாக நிறுத்தக்கூடாது. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"மௌத் எழுதிய நேரத்தில் வரும்" என்று சிலர் சொல்வார்கள். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் உடம்பு அமானிதம். காரணங்களைச் செய்துவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று ஆலிம்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது நிர்வாகக் குழுவின் முன் நான் வைக்கும் கோரிக்கை. இனி இதய நோய்க்கான மனு ஒன்று வந்தால், மனுதாரரின் வயதைப் பாருங்கள். ஆண் 55-க்குள், பெண் 65-க்குள் என்றால், உதவித் தொகையோடு கோப்பை மூடிவிடக்கூடாது. அவருடைய கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதி வாங்கி, அவர்களுக்கு லிப்பிட் பரிசோதனை செய்ய நாம் ஏற்பாடு செய்ய வேண்டும். எல்.டி.எல். மிக அதிகமாக உள்ளவர்களை அரசு மருத்துவமனைக்கோ இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல ஒரு தன்னார்வலர் கூடவே போக வேண்டும். ஜகாத் பணம் அதற்கு உரியவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பதால், வசதியுள்ள வீட்டாரின் பரிசோதனையை அதில் சேர்க்க முடியாது. அவர்கள் தங்கள் செலவில் எடுத்துக்கொள்ளட்டும். பொது முகாம் செலவை ஸதகா, நன்கொடைக் கணக்கிலிருந்து எடுப்போம். சந்தேகம் வந்தால் ஆலிம்களைக் கேட்டே முடிவு செய்வோம்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்தால் பாராட்டு விழா நடத்துகிறோம். அதற்குப் பிறகு எம்.டி., டி.எம். என்று அவர்கள் படிக்கும் ஆறு ஆண்டுகளில் வீட்டு நிலைமை எப்படி என்று யாரும் கேட்பதில்லை. கல்வி உதவி அந்தக் கட்டத்துக்கும் நீள வேண்டும். டாக்டர் மட்டும் போதாது. உணவியல் படித்த பெண்கள், நர்ஸுகள், லேப் டெக்னீஷியன்கள் எல்லோரும் சேர்ந்தால்தான் நோயைத் தடுக்கும் வைத்தியம் நடக்கும். இந்தப் படிப்புகளில் சேரும் நம் பெண் பிள்ளைகளை, "கல்யாணம் ஆனால் போதும்" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். அத்தா பக்கம், அம்மா பக்கம் இரண்டிலும் யாருக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது, யார் திடீரென்று வஃபாத் ஆனார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுதான் பதில். அந்தத் தாளில் சின்ன வயது மாரடைப்பு ஒன்று இருந்தாலும் அலுவலகத்துக்கு வாருங்கள், மற்றதை நாம் சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் வரை பெற்றோரின் ஆயுளில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.