தந்தியும் குடமும்

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற நம் உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மட்டாஞ்சேரியில் பேசச் சொன்னதும், டச்சு அரண்மனைச் சுவரோவியங்களைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்தது இந்த ஊர்ப் பாட்டுக்காரர் ஒருவரைப் பற்றி. கஜல் பாடகர் உம்பாயி. ஏறக்குறைய என் வயதுக்காரர். 2018 ஆகஸ்ட் 1ஆம் தேதி புற்றுநோயால் காலமானார். சென்னை, மும்பை, டெல்லி அன்பர்களுக்குப் பெயர் புதிதாக இருக்கலாம். கேரளத்தில் தெரியாதவர் குறைவு.

இயற்பெயர் பி.ஏ. இப்ராஹிம். சிறு வயதிலேயே தபலா மீது பித்து. படிப்பு ஏறவில்லை. பையன் பாட்டிலேயே வீணாகிவிடுவானோ என்று தகப்பனாருக்குக் கவலை. எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொள்ளட்டும் என்று பம்பாய்க்கு அனுப்பி வைத்தார். பையன் அங்கே ஓர் உஸ்தாதைத் தேடிப் பிடித்து, பல வருஷங்கள் ஹிந்துஸ்தானி சங்கீதம் கற்றுக்கொண்டுவிட்டான்!

ஊர் திரும்பிய பிறகும் பிழைப்பு எளிதாக இல்லை. 'அம்ம அறியான்' (1986) படம் எடுத்த இயக்குநர் ஜான் ஆப்ரஹாம்தான் அவருக்கு 'உம்பாயி' என்ற பெயரைச் சூட்டியவர். கஜல் என்றால் உருது என்றிருந்த காலத்தில், மலையாளக் கவிகளின் வரிகளுக்குத் தாமே மெட்டமைத்து, ஆர்மோனியத்துடன் உட்கார்ந்து பாடினார். ஓ.என்.வி. குறுப்பின் பாடல்களைக் கொண்ட 'பாடுக ஸைகால் பாடூ' என்ற தொகுப்பு வீடு வீடாக ஒலித்தது.

தம் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த பெயர் 'ராகம் பைரவி'. இது நம் பைரவி அல்ல. ஹிந்துஸ்தானி பைரவிக்கு நம் தோடியின் ஸ்வரங்கள். காதுக்குச் சிந்துபைரவி போல இருக்கும். கச்சேரியின் முடிவில் பாடுவது வழக்கம். வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறவர் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை.

கஷ்டப்பட்டதால்தான் பாட்டு வந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் சம்மதமில்லை. இந்த ஊரில் கஷ்டப்படாதவர் யார்? கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' முறை இருந்தது. காலையில் கூடி நிற்கும் கூலியாட்களின் நடுவே உலோக டோக்கன்களை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடே நடந்தது. அத்தனை பேரும் பாடகர் ஆகிவிடவில்லை.

ஆனால் அத்தனை பேரும் கேட்டார்கள். அதுதான் விசேஷம். பகலில் மூட்டை தூக்கியவர்கள் இரவில் கூடிப் பாட்டுக் கேட்ட ஊர் இது. உம்பாயிக்கு முன்னோடி மெஹ்பூப். தக்னி முஸ்லிம் குடும்பம், ஏழ்மை, பட்டாள முகாமில் எடுபிடி வேலை. 'ஜீவித நௌகா' (1951), 'நீலக்குயில்' (1954) படங்களில் பாடிப் பெயர் பெற்றார். ஆனாலும் அவருக்குக் கொச்சிக் கல்யாண வீடுகளும் நண்பர்களின் மெஹ்பில்களுமே பெரிதாக இருந்தன. 1981இல் மறைந்தார். அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் உம்பாயி.

நம்மவர் ஒருவரையும் பாருங்கள். 1890இல் போலகத்தில் ராமையாவாகப் பிறந்த பாபநாசம் சிவன், ஏழு வயதில் தகப்பனாரை இழந்தார். தாயார் இரண்டு பிள்ளைகளுடன் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். 1910இல் தாயாரும் போய்விட்டார். அந்தத் துக்கத்தில் அவரைத் தாங்கியது கோயிலும் நீலகண்ட சிவனின் பஜனையும். கூடப் பாட நாலு பேர் இல்லாதிருந்தால் அந்தக் கீர்த்தனைகள் நமக்குக் கிடைத்திருக்குமா?

நான் படித்தது பௌதிகம். தம்புராவின் தந்தியை மட்டும் தனியாகக் கட்டி மீட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மெல்லிய தந்தியால் அதிகக் காற்றை அசைக்க முடியாது. அதன் அதிர்வைப் பலா மரக் குடம் வாங்கிக்கொண்டு அதிரும்போதுதான் கூடம் நிறைகிறது. மனிதனுடைய துன்பம் தந்தி. ஊரும் உறவும் குடம்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை. என் பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போது கிட்டார் வாசிப்பான். தானே பாட்டுக் கட்டிப் பாடுவான். நுழைவுத் தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தபோது கிட்டாரைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். அவன் சண்டை போடவில்லை. நன்றாகப் படித்தான், நல்ல உத்தியோகம், வெளிநாட்டில் சௌக்கியமாக இருக்கிறான். பாடுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஃபோனில், "அப்பா, அந்த கிட்டார் இன்னும் இருக்கா?" என்று கேட்டான். இறக்கிப் பார்த்தேன். கம்பிகள் துருப்பிடித்து, கழுத்து வளைந்திருந்தது. "இருக்குடா" என்று மட்டும் சொன்னேன். மேற்கொண்டு அவனும் கேட்கவில்லை. உம்பாயியின் தகப்பனாரும் நானும் செய்தது ஒன்றுதான். அவர் பிள்ளைக்கு இந்த ஊர் இருந்தது. என் பிள்ளைக்கு, நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில், கேட்க யாரும் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே ஒரு சிறு விண்ணப்பம். ஆண்டு விழாவில் மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்கிறோம், நல்லதுதான். அதே மேடையில் அரை மணி நேரம், பிள்ளைகள் தாங்களே கட்டிய பாட்டைப் பாட ஒதுக்குங்கள். எந்த மொழியானாலும், எந்த வாத்தியமானாலும் சரி. போட்டி வேண்டாம், நடுவர் வேண்டாம். நாம் உட்கார்ந்து கேட்டால் போதும்.

முதல் வரிசையில் எனக்கு ஓர் இடம் வையுங்கள்.