பெல்ஜியத்தில் ஆற அமர



பெல்ஜியம் மிகச் சிறிய நாடு. அதன் பரப்பு ஏறக்குறைய 30,700 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுவோரில் பலர், பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இடையே ஒரு பகற்பொழுதை இதற்கு ஒதுக்கிவிட்டு, "பார்த்தாகிவிட்டது" என்று போய்விடுகின்றனர். அவர்கள் கண்டது கடைவீதியை மட்டுமே. இந்நாட்டின் இனிப்பும் கைத்தொழிலும் பொறுமையால் விளைந்தவை. அவற்றைப் பொறுமையோடு அணுகினாலன்றி அவற்றின் கதை நமக்கு விளங்காது.

ஆற அமரப் பயணம் செய்ய இங்கு இரயிலே போதும். 1835ஆம் ஆண்டிலேயே நீராவி இரயில் பிரஸ்ஸல்ஸிலிருந்து மெகலன் நகருக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. இங்கு டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்றும் ஆட்சிமொழிகள். மொழி எல்லையைக் கடந்ததும் இரயிலில் கேட்கும் அறிவிப்பும் மொழி மாறிவிடும். பிரெஞ்சில் புரூஜ் எனப்படும் ஊர், அவ்வூராரின் நாவில் புரூகெ ஆகிவிடும். பிழைப்பை நாடி வேற்றுமொழி வழங்கும் ஊரில் குடியேறிய நம்மவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

பயணத்தைத் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் தொடங்குவோம். அங்கே கண்ணாடிக் கூரை வேய்ந்த பழமையான அங்காடி வீதி ஒன்று உண்டு. ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த நாயஹவுஸ் என்பவர் 1857இல் அவ்வீதியில் ஒரு மருந்துக்கடை வைத்தார். கசப்பு மருந்தின் மேல் சாக்லேட்டைப் பூசித் தருவது அவர் வழக்கம் என்பர். 1912இல் அவருடைய பேரர் ஜான் நாயஹவுஸ் மருந்தை விடுத்து, சாக்லேட் ஓட்டினுள் இனிப்புப் பூரணத்தை இட்டு நிரப்பினார். அதுவே 'பிரலீன்' எனப் பெயர் பெற்றது. நம் கொழுக்கட்டையைப் போல, மேலுறை ஒரு சுவை, உள்ளீடு ஒரு சுவை. கூம்புப் பொட்டலத்தில் இட்டால் இவை நசுங்குவதைக் கண்ட அவர் மனைவி லூயிஸ், 1915இல் இதற்கென ஓர் அட்டைப்பெட்டியை வகுத்தார். இன்றும் பிரலீன்கள் அத்தகைய பெட்டியிலேயே விற்கப்படுகின்றன.

அங்கிருந்து ஒரு மணி நேர இரயில் பயணத்தில் புரூஜ் வந்துவிடும். கால்வாய்களும், கல் பாலங்களும், படிக்கட்டுப் போன்ற முகப்புடைய செங்கல் வீடுகளும் நிறைந்த நகரம் அது. சந்தைவெளியில் 83 மீட்டர் உயர மணிக்கோபுரம் நிற்கிறது. 366 படிகள் ஏறினால், ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் சமவெளி விரிந்து கிடப்பதைக் காணலாம். இவ்வளவு பழமை எவ்வாறு அழியாமல் நின்றது? ஒரு காலத்தில் இது வட ஐரோப்பாவின் பெருவணிக நகரம். கடலோடு இதனை இணைத்த ஸ்வின் கழிமுகம் மணல் மேடிட்டுத் தூர்ந்தது. வணிகர்கள் ஆன்ட்வெர்ப்புக்குப் பெயர்ந்தனர். பழைய வீட்டை இடித்துப் புதியது கட்டப் பணமில்லாத ஊரில் பழைய வீடுகளே நிலைத்தன. நாம் வியக்கும் அழகு, வறுமை காத்துவைத்த அழகு.

அவ்வறுமை இந்நகரின் புகழ்பெற்ற லேஸிலும் பின்னப்பட்டிருக்கிறது. இங்குள்ள லேஸ் நிலையத்தில் பெண்கள் பின்னுவதை அருகிலிருந்து காணலாம். திண்டின் மேல் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, துளைதோறும் குண்டூசி செருகி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றியும் முறுக்கியும் பின்னுகின்றனர். கட்டைகள் மோதும் மெல்லிய ஓசையன்றி வேறு ஓசையில்லை. நெடுநேரம் நின்று பார்த்தாலும் வேலை விரலகலமே வளர்ந்திருக்கும்.

1840களில் பிளாண்டர்ஸ் பகுதியில் கைநெசவு லினன் தொழில் நசித்தது. உருளைக்கிழங்குப் பயிரும் நோயால் அழிந்தது. அப்போது ஆயிரக்கணக்கான ஏழைச் சிறுமியர் லேஸ் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். கண் வருந்த, முதுகு கூன, சொற்பக் கூலிக்கு அவர்கள் பின்னினர். குண்டூசிகளை எண்ணும் பாடல்களைப் பாடிக்கொண்டே வேலை செய்தனர். நம் நாகர்கோவிலிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனரிப் பெண்மணியர் இத்தகைய திண்டு லேஸைச் சிறுமியர்க்குக் கற்பித்தனர். அங்கே, அடிமைகளாயிருந்த சிறுமியர் சிலர் அவ்வருவாயைக் கொண்டே தங்கள் விடுதலையைப் பெற்றனர். தொழில் ஒன்றே, ஓரிடத்தில் அது பிள்ளைப்பருவத்தைப் பறித்தது, மற்றோரிடத்தில் தளையை அறுத்தது. இன்று புரூஜ் கடைகளில் குவிந்திருப்பதில் பெரும்பகுதி இயந்திர லேஸ். கைலேஸின் விலையைக் கேட்டு மலைப்பவர், பின்னும் விரல்களைச் சற்றே பார்த்துவிட்டு வந்தால் பேரம் பேச மாட்டார்.

இறுதியாகத் தெற்கே, நாமூர் வழியாக தினான் செல்வோம். சமவெளி மறைந்து குன்றுகள் எழுகின்றன. மியூஸ் ஆறு, அதன் கரையில் வெங்காய வடிவக் கூம்புடைய தேவாலயம், அதற்குப் பின்னே செங்குத்தான பாறை, பாறையின் மேல் கோட்டை. செம்பு, பித்தளைப் பாத்திர வேலைக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயரே இவ்வூர்ப் பெயரிலிருந்து பிறந்தது. 1466இல் பர்கண்டியப் படை ஊரை அழித்தபோது கன்னார்கள் சிதறிப்போயினர். 1914 ஆகஸ்ட் மாதத்தில் ஜெர்மானியப் படை இங்கே 674 பொதுமக்களைக் கொன்று, ஊரை எரித்தது. இன்று ஆற்றங்கரையில் அமைதியாக உலவும் பயணி, இந்த எண்ணையும் அறிந்து உலவுதல் வேண்டும்.

இவ்வூரின் இனிப்புக்கு 'கூக்' என்று பெயர். கோதுமை மாவையும் தேனையும் மட்டும் பிசைந்து, மலரும் விலங்கும் செதுக்கிய மர அச்சில் அழுத்திச் சுடுகின்றனர். அது கல்போல் இறுகிவிடும். கடித்தால் பல்லுக்குத்தான் கேடு. சிறு துண்டாக உடைத்து வாயில் அடக்கிக்கொண்டால், மெல்ல மெல்லத் தேன் கரைந்து சுவை தரும். அவசரக்காரர்க்கு அச்சுவை கிட்டாது.

பெல்ஜியத்தையும் அப்படியே சுவைத்தல் வேண்டும். அங்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமாயின், காணும் ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்; தங்கும் நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.