தாய்மடி சேர்ப்போம்



ஃபிர்அவ்ன் ஆண் மகவுகளைக் கொன்ற காலத்தில், மூஸா (அலை) அவர்களின் அன்னையார் தம் குழந்தையைப் பேழையிலிட்டு ஆற்றில் விட்டார்கள். தமக்கையார் பின்தொடர்ந்து சென்று இருப்பிடம் அறிந்தார்கள். அன்னையின் கண் குளிரவே குழந்தையை மீட்டுத் தந்ததாக அல்லாஹ் அறிவிக்கின்றான் (28:13). உயிர் பிழைத்ததோடு அந்த அருள் முடிந்துவிடவில்லை. தாய்மடி சேர்ந்தபோதே அது நிறைவுற்றது.

1983இல் மூண்ட இலங்கைப் போரும் குடும்பங்களைச் சிதறடித்தது. கடல் கடந்து வந்தோரின் முகாம் ஒன்று நம் அருப்புக்கோட்டை வட்டாரத்திலேயே, குல்லூர்சந்தையில் இருக்கிறது. பிரிட்டனில் தனியே தஞ்சம் புகுந்த சிறுவர்களும் உண்டு. குடும்பம் ஒன்றுசேரக் கோரும் விண்ணப்பங்களை மனிதாபிமானத்தோடு விரைந்து கவனிக்க வேண்டும் என்கிறது, 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை. அதை ஏற்ற பிரிட்டனின் குடிவரவு விதிகளோ, தஞ்சம் பெற்ற சிறுவர் தம் பெற்றோரை வரவழைக்க இடமளிப்பதில்லை.

தாயையும் பிள்ளையையும் பிரிப்போரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்த செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது.

எம்.ரெட்டியபட்டிச் சகோதரர்களே! உறவைத் தேடுவோர் எவரையேனும் கண்டால், பெயர், ஊர், பிரிந்த காலம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் தேட உதவுங்கள். அந்தத் தமக்கையார் ஆற்றிய பணி இன்று நம் கடமை.

பிரிந்தோரை அல்லாஹ் ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.