கைத்தொழிலும் கைத்திறனும்

ஓர் ஊருக்குத் தொழிற்சாலை ஒன்று வருகிறதென்றால் ஊரார் மகிழ்வது இயல்பே. ஆயின், அதனால் வரும் வேலைகள் எத்தகையன, அவை யாருக்குக் கிடைக்கும் என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அம்மகிழ்ச்சி தக்கதா என்பது புலப்படும்.

பள்ளிப் படிப்போடு நின்றவரால் உடனே செய்ய இயலாதனவும், பல்கலைக்கழகப் பட்டத்தை வேண்டாதனவுமான வேலைகள் பல உள. பொறிகளைப் பழுது பார்ப்போர், மின்வினைஞர், உலோகத்தைக் காய்ச்சி ஒட்டுவோர் ஆகியோரின் வேலைகள் இவ்வகையின. சில ஆண்டுப் பயிற்சியாற் பெறத்தக்க இத்திறனை இடைத்தரத் திறன் எனலாம். பட்டம் பெறாதவர் குடும்பம் நடத்தப் போதிய ஊதியம் பெறுதற்கு இது நல்ல வாயிலாகும். ஆதலின், ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் இத்தகைய வேலைகளைத் தரவல்ல கைத்தொழில்களைத் தேர்ந்து, அவற்றைத் தம்பால் அழைக்க முயல்கின்றன. வரிச்சலுகையும் நிலமும் நல்கி முதலாளியை அழைப்பது ஒரு வழி. தொழிலாளியை ஆயத்தஞ் செய்து தருவதாகக் கூறி அழைப்பது மற்றொரு வழி. பெரும்பாலும் இரண்டும் கலந்தே நிகழ்கின்றன. எதற்கு முதன்மை தரப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பயன் வேறுபடுகிறது.

பயிற்சிக்கு முதன்மை தந்ததற்குத் தென் கரோலைனா சிறந்த எடுத்துக்காட்டாகும். பருத்தி வயல்களையும் நெசவாலைகளையும் நெடுங்காலம் நம்பி வாழ்ந்த மாநிலம் அது. ஆலைக்கூலி குறைவு, கல்வியும் குறைவு. 1961ஆம் ஆண்டில், ஆளுநர் ஏர்னெஸ்ட் ஹொலிங்ஸ் அவர்களின் ஆட்சியில், மாநிலமெங்கும் தொழில்நுட்பப் பயிற்சி நிலையங்களை அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே கிரீன்வில் நகரில் முதல் நிலையம் திறக்கப்பட்டது. இத்திட்டத்தில் சிறப்பானதோர் ஏற்பாடும் இருந்தது. ஒரு நிறுவனம் தொழிற்சாலை அமைக்க இசைந்தவுடன், அங்கு வேண்டப்படும் வேலைகளை மாநில அலுவலர் ஆராய்வர். அவற்றுக்கேற்ற பாடங்களை வகுத்து, ஆட்களைத் திரட்டி, அரசின் செலவிலே பயிற்றுவர். கட்டடம் எழுந்து முடிகையில், பொறியின் முன் நிற்கவேண்டியவரும் ஆயத்தமாயிருப்பர்.

1970ஆம் ஆண்டுகளில் பிரான்சின் மிச்செலின் டயர் நிறுவனம் அம்மாநிலத்துக்கு வந்தது. 1992இல் ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் ஸ்பார்ட்டன்பேர்க் பகுதியைத் தெரிவு செய்தது. 1994இல் அங்கிருந்து முதல் மோட்டார் வண்டி வெளிவந்தது. பின்னர் அத்தொழிற்சாலையில் வேலை செய்வோர் தொகை 11,000ஐக் கடந்தது. நெசவாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட காலத்தில் இவ்வேலைகள் பெருந்துணையாயின. 2007இல், தொழில் பயிலுவோரைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு ஆளொருவருக்கு ஆண்டுதோறும் 1,000 டொலர் வரிச்சலுகை தரும் முறையும் தொடங்கிற்று.

எனினும், பயிற்சியொன்றே இந்நிறுவனங்களை ஈர்த்தது எனல் பொருந்தாது. சார்ள்ஸ்டன் துறைமுகமும், நெடுஞ்சாலைகளும், வரிச்சலுகைகளும் அவற்றை ஈர்த்தன. தொழிற்சங்கங்கள் வலுவற்றிருந்தமையும், வடமாநிலங்களினும் கூலி குறைந்திருந்தமையும் காரணங்களே. திறன் வந்தவிடத்து நல்லூதியமும் தானே வந்துவிடும் என்று ஓர் அரசு வாளாவிருத்தலாகாது.

சலுகையையே பெரிதும் நம்பியதன் விளைவை விஸ்கொன்சின் மாநிலத்திற் காணலாம். 2017இல் தாய்வானின் பொக்ஸ்கொன் நிறுவனம் 13,000 வேலைகளைத் தருவதாக வாக்களித்தது; மாநிலம் ஏறக்குறைய 300 கோடி டொலர் சலுகை தர உடன்பட்டது. மவுண்ட் பிளசண்ட் என்னும் ஊரில் நிலம் வாங்கப்பட்டது, வீடுகள் இடிக்கப்பட்டன, வீதிகள் அகலமாக்கப்பட்டன. வாக்களித்த தொழிற்சாலையோ உருவாகவில்லை. 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது வேலைகளின் தொகை 1,454 ஆகவும், சலுகை 8 கோடி டொலராகவும் குறைந்தன. வேலை தந்தாலன்றிப் பெருஞ்சலுகை இல்லை என்ற நிபந்தனை மாநிலத்தின் பணத்தைக் காத்தது. ஆயின் வீடிழந்தோர்க்கு அவ்வீடுகள் மீளவில்லை.

கைத்தொழிலைத் தேர்ந்தெடுக்கும் அரசு எதிர்காலத்தைக் கணித்தே செயற்படுகிறது. கணிப்புத் தவறவுங் கூடும். தவறியபோது மிஞ்சுவது யாது என்பதை முன்னரே எண்ணுதல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஒரு பொறியை மட்டும் இயக்கக் கற்றவர், அந்நிறுவனம் நீங்கினால் தவிப்பார். மின்சாரமும் உலோகமும் அளவையும் கணிதமும் முறையாகக் கற்றவரோ, மற்றொரு தொழிற்சாலையின் கதவைத் துணிந்து தட்டுவார். அரசு செலவிடும் பணத்தில் இத்தகைய கல்விக்கு எவ்வளவு செல்கிறது என்பதே குடிமக்கள் கேட்க வேண்டிய கேள்வியாகும்.