ஆய்வுக்கூடம் என்னும் ஒரு சொல்



கவிதையில் ஒரு சொல்லை மாற்றுவதா வேண்டாமா என்று இரவெல்லாம் உறங்காதிருந்தவர்கள் இந்த அவையில் பலர் உண்டு. ஊரார் கேட்டால் நகைப்பர். ‘ஒரு சொல்தானே’ என்பர். அத்தகைய ஒரு சொல்லுக்காக இரு வல்லரசுகளின் தலைவர்கள் எதிரெதிரே அமர்ந்து வாதிட்டு, உடன்பாடு காணாமல் பிரிந்த நாள் ஒன்று வரலாற்றில் உண்டு. அந்நாள் 1986 அக்டோபர் 12. இடம் ஐஸ்லாந்தின் தலைநகராகிய ரெய்க்யவிக். சொல், ‘ஆய்வுக்கூடம்’.

கடலை நோக்கி நிற்கும் வெண்ணிற மரவீடு ஒன்று அந்நகரில் இருக்கிறது. ஹோஃப்டி இல்லம் என்று பெயர். அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகனும் சோவியத் தலைவர் மிகயில் கோர்பசேவும் அங்கே இரண்டு நாட்கள் சந்தித்தனர். உலகில் அன்றிருந்த அணுகுண்டுகள் ஏறத்தாழ 70,000. முதல் நாள் இரவு, அமெரிக்காவின் பால் நிட்ஸே, சோவியத்தின் மார்ஷல் அக்ரமேயெவ் ஆகியோர் தலைமையில் வல்லுநர்கள் விடியும்வரை பேசினர். நெடுந்தூரம் பாயும் அணு ஆயுதங்களில் ஒவ்வொரு தரப்புக்கும் 6,000 வெடிமுனைகள், அவற்றைச் சுமந்து செல்லும் ஏவுகணைகளும் விமானங்களும் 1,600 என்னும் வரம்பு அந்த இரவில்தான் உருவாயிற்று.

மறுநாள் பேச்சு இன்னும் உயரச் சென்றது. பத்தாண்டுகளுக்குள் ஏவுகணைகளை எல்லாம் ஒழிப்பது பற்றியும், அணு ஆயுதம் அனைத்தையுமே ஒழிப்பது பற்றியும் இரு தலைவர்களும் வாய்விட்டுப் பேசினர். ஆனால் கோர்பசேவ் ஒரு நிபந்தனை வைத்தார். எதிரியின் ஏவுகணைகளை விண்வெளியிலேயே தடுத்து அழிக்கும் திட்டம் ஒன்றை ரீகன் 1983 மார்ச்சில் அறிவித்திருந்தார். செய்தித்தாள்கள் அதை ‘நட்சத்திரப் போர்’ என்றன. அதன் விண்வெளிக் கருவிகளுக்கான சோதனை பத்தாண்டுக் காலம் ஆய்வுக்கூடத்தின் சுவர்களுக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ரீகன் இசையவில்லை. ஒரு சொல்லுக்காக இத்தனையும் கைவிட்டுப் போவதா என்று கேட்டார். அது வெறும் சொல்லன்று, கொள்கை என்றார் கோர்பசேவ். ஞாயிறு மாலை இருள் கவிந்தபோது இருவரும் இறுகிய முகத்துடன் வெளியே வந்தனர்.

அன்று உலகம் இதைத் தோல்வி என்றே எழுதியது. ஒரு சொல்லில் பிடிவாதம் பிடித்தார்கள் என்று இருவரையும் பழித்தவர் பலர். அந்தப் பழி முழுதும் நியாயமானதன்று. எதிரி கையில் கேடயம் வந்துவிட்டால் அவன் வாளுக்கு அச்சமிராது என்பது கோர்பசேவின் கவலை. ஆய்வுக்கூடத்தில் பூட்டி வைத்தால் திட்டமே மடிந்துவிடும் என்பது ரீகனின் கவலை. நாற்பதாண்டு ஐயம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்து அடைந்திருந்தது. சொல்லை நீக்கியிருக்கலாம், ஐயத்தை நீக்கியிருக்க முடியாது.

எனினும் வரலாறு இங்கே ஓர் எள்ளலையும் வைத்திருக்கிறது. எதற்காக அந்தச் சொல் மறுக்கப்பட்டதோ, அந்த விண்வெளிக் கேடயம் அடுத்த பத்தாண்டுகளில் எங்கும் நிறுவப்படவில்லை. 1993இல் அந்தத் திட்டமே வேறு பெயரும் வேறு நோக்கும் பெற்றது. இல்லாத ஒரு பொருளைக் குறித்த சொல், இருந்த ஆயிரமாயிரம் குண்டுகளைக் காப்பாற்றிவிட்டது!

பின்பு வழி திறந்தது எவ்வாறு? சொல்லை வென்று அன்று, அதை ஒருபுறம் வைத்து. நாடு கடத்தலுக்கு ஒப்பாகக் கோர்க்கி நகரில் தனித்து வைக்கப்பட்டிருந்த அறிவியலாளர் ஆந்திரேய் சகாரவ் 1986 டிசம்பரில் மாஸ்கோ திரும்பினார். இரண்டு மாதங்களில், ஆயுதக் குறைப்பை விண்வெளித் திட்டத்தோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று மாஸ்கோ மாநாட்டிலேயே வாதிட்டார். அந்த பிப்ரவரி முடிவில், நடுத்தர ஏவுகணைகளைப் பொறுத்தவரை கோர்பசேவ் அந்த முடிச்சை அவிழ்த்தார். 1987 டிசம்பர் 8 அன்று வாஷிங்டனில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும், நிலத்திலிருந்து ஏவப்படும் ஏவுகணைகள் அடியோடு ஒழிக்கப்பட வேண்டும் என்றது அது. 1991 ஜூன் 1க்குள் இரு நாடுகளும் அழித்தவை 2,692. ரெய்க்யவிக் இரவில் பிறந்த 6,000, 1,600 என்னும் எண்களும் வீணாகவில்லை. 1991 ஜூலை 31 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான உடன்படிக்கையில் அவை இடம்பெற்றன.

கவிஞர்கள் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று 1987 உடன்படிக்கையில் இருக்கிறது. அதன் இரண்டாம் பிரிவு முழுவதும் சொற்பொருள் விளக்கமே. ஏவுகணை என்பது யாது, ஏவும் பொறி என்பது யாது என்று தொல்காப்பிய உரைகாரர் போல வரையறுத்துக்கொண்டுதான் மேலே செல்கிறது. அத்தோடும் நிற்கவில்லை. ரஷ்யாவின் வோத்கின்ஸ்க் தொழிற்சாலை வாயிலில் அமெரிக்கர்களும், யூட்டா மாநிலத்து மக்னா தொழிற்சாலை வாயிலில் சோவியத் நாட்டவரும் ஆண்டுக்கணக்கில் காவலிருந்து, வெளியேறும் சரக்கைச் சரிபார்த்தனர். ‘நம்பு; ஆயினும் சரிபார்’ என்னும் ரஷ்யப் பழமொழியை ரீகன் ஓயாமல் சொல்லி வந்தார். அது செயலானது அந்த வாயில்களில்தான்.

அந்தக் காவலுக்கான காலம் 2001இல் முடிந்தது. ஐயம் மீண்டும் வளர்ந்தது. உடன்படிக்கையை மீறி ரஷ்யா புதிய ஏவுகணை செய்தது என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது, ரஷ்யா மறுத்தது. 2019 ஆகஸ்ட் 2 அன்று உடன்படிக்கை உயிர் துறந்தது. தாளில் எழுத்து ஒன்றும் அழியவில்லை. அதைக் காத்து நின்ற செயல்தான் ஓய்ந்துபோயிருந்தது.

திருக்குறளில் ‘சொல்வன்மை’ 65ஆம் அதிகாரம்; ‘தூது’ 69ஆம் அதிகாரம். இரண்டுக்கும் நடுவே இருப்பவை வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்னும் மூன்று. சொல்லிலிருந்து தூதுக்குச் செல்லும் வழி செயல் வழியாகவே செல்கிறது என்பதை அந்த வைப்பு முறையிலேயே காணலாம். ரெய்க்யவிக்கில் இருவரிடமும் சொல் இருந்தது. ஐந்தாண்டுகளில் அதன் பின்னே செயல் வந்தது. ஆயிரக்கணக்கில் குண்டுகள் குறைந்தன. இன்றும் உலகில் சுமார் 12,000 அணுகுண்டுகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றைக் குறைக்கப்போகும் அடுத்த உடன்படிக்கையும் எங்கோ ஒரு மேசையில் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும். ‘ஒரு சொல்தானே’ என்று எவரேனும் சொன்னால், அப்படியன்று என்று எடுத்துரைக்கும் தகுதி சொல்லையே வாழ்வாகக் கொண்டவர்களுக்கு உண்டு. அந்தச் சொல்லுக்குப் பின்னே செயல் நிற்கிறதா என்று கேட்கும் கடமையும் அவர்களுக்கே உண்டு.