தேர்வு நாளில் வந்த அம்மை

(வட்டக்கானலில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில், பொதுத்தேர்வு எழுதவிருக்கும் மாணவ மாணவியரிடையே ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார். அதன் சிறப்பை அறியாதவர் எவரும் இந்தக் கூட்டத்தில் இல்லை. ஆதலின், அவருடைய அனுமதியோடு, நான் நன்கறிந்த வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். தேர்வு நெருங்கும்போது தொற்றுநோய் வந்தால் என்ன செய்வது என்பதே அது. இது பேச்சு மேடைக்குரிய பொருளா என்று சிலர் எண்ணலாம். என் வாழ்வில் ஓராண்டை விழுங்கிய பொருள் என்பதால் பேசத் துணிகிறேன்.

1986-ஆம் ஆண்டு நான் பத்தாம் வகுப்பு மாணவன். இன்று தங்கும் விடுதிகளும் தேநீர்க் கடைகளுமாக நிறைந்திருக்கும் இந்த வட்டக்கானல் அன்று சில வீடுகளும், வாட்டில் மரமும், தைல மரமும், உருளைக்கிழங்குத் தோட்டமுமாக இருந்தது. பள்ளிக்கூடத்திற்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நடை. என் தந்தையார் மரம் வெட்டப் போவார். தாயார் பூண்டுத் தோட்டத்தில் களையெடுப்பார். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில் ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் விறகு, நடுவில் நாங்கள் ஏழு பேர்.

அந்தப் பங்குனியில் என் தங்கைக்கு அம்மை வார்த்தது. அவளுக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லோரும் மறந்துபோன பிறகு, தேர்வுக்கு மூன்று நாள் முன்னதாக எனக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் மார்பில் இரண்டு கொப்புளம். அதற்கு மறுநாள் முகமெல்லாம் கொப்புளம். இது தெய்வத்தின் கோபம் என்று அன்று நினைத்தேன். பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. சின்னம்மைக் கிருமி ஒருவர் உடலில் நுழைந்து வெளிப்படப் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை ஆகும். தங்கையின் பக்கத்தில் ஒரே போர்வையில் படுத்திருந்த எனக்கு, சரியாக அந்தக் கெடுவில் அது வந்து சேர்ந்தது. பின்பனியிலும் முன்வேனிலிலும் மிகுதியாகப் பரவும் நோய் இது. நம் பொதுத்தேர்வும் அந்தப் பருவத்தில்தான் நடக்கிறது.

இங்கு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் இந்த மலையில் வேப்பமரம் வளராது. வேப்பிலை வேண்டுமென்றால் வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும். என் தந்தையார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்துக்குக் காசு கடன் வாங்கிக்கொண்டு போய், ஒரு கட்டு வேப்பிலையோடு இரவில் திரும்பினார். அதை வாசலில் செருகினார்கள். பாயிலும் பரப்பினார்கள். அப்பத்தா என் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஆத்தா விளையாட வந்திருக்காடா. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் படி தாண்டக்கூடாது" என்றார். பரீட்சை இருக்கிறது என்று அழுதேன். "பரீட்சை பெருசா, பார்வை பெருசா?" என்று கேட்டார். பெரியம்மையில் கண் பறிபோனவர்களை நேரில் கண்ட தலைமுறை அது. இந்தியாவில் பெரியம்மை 1975-ஆம் ஆண்டோடு ஒழிந்ததும், 1980-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்ததும், எனக்கு வந்தது அதனோடு உறவில்லாத வேறொரு நோய் என்பதும் அப்பத்தாவுக்கு எப்படித் தெரியும்? அவருடைய அச்சத்தை நான் ஒருநாளும் பழித்ததில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் பள்ளிக்குச் சென்று செய்தி சொன்னார். அங்கிருந்த ஒருவர், "வராதவன் வராதவன்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குமேல் கேட்கலாம் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தலைமையாசிரியரைப் பார்க்கலாம், மருத்துவர் சான்று வாங்கலாம், தனியே உட்கார வைக்க முடியுமா என்று வினவலாம் என்பதெல்லாம் படித்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலோடு புகட்டப்படும் அறிவு. நமக்கு அதைச் சொல்லித்தர அன்று ஆள் இல்லை. இப்படி ஒரு சங்கமும் இல்லை.

தேர்வு நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தபோது, என் வகுப்புத் தோழர்கள் விடைகளை ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் மறுபடி எழுதித் தேறினேன். ஆனால் மேல்நிலை வகுப்பில் சேர அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஓராண்டும் கிழங்கு மூட்டை சுமந்தேன். வாரக்கூலி கையில் விழத் தொடங்கியதும், வீட்டில் ஒருவரும் மீண்டும் பள்ளிக்குப் போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் மிகக் கொடியது. வசதியுள்ள வீட்டில் ஓராண்டு தவறினால் ஓராண்டுதான் தவறும். நம் வீட்டில் ஓராண்டு தவறினால் ஆண்பிள்ளை கூலிக்குப் போகிறான், பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். என்னோடு அதே ஆண்டு நோயால் தேர்வைத் தவறவிட்ட மற்றொரு பையன் திரும்பவே இல்லை. அவன் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன்.

கணக்கு என்றதும் இராமானுசன் நினைவுக்கு வருகிறார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தபோது நோயுற்றுப் படிப்பை நிறுத்தினார். 1907-இல் தேர்வெழுதி, கணிதத்தில் தேறி, மற்றப் பாடங்களில் தவறினார். உலகம் அவரைப் பின்னர் கண்டுகொண்டது. நம் சேரிகளில் அப்படித் தவறியவர்களை யார் கண்டுகொண்டார்கள்?

நோய்க்கு அஞ்சி விலகிப்போவதற்கும் வசதி வேண்டும், அன்பர்களே. இந்தக் கோடைக்கானல் ஊரே அப்படித் தோன்றியதுதான். மதுரையில் காய்ச்சலாலும் பிற நோய்களாலும் தம் குடும்பத்தாரைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிமார், 1845-இல் இந்த மலையில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். வண்டிப்பாதை வராத காலத்தில், பெரியகுளம் பக்கத்திலிருந்து வெள்ளகவி வழியாகச் சுமையாட்கள் அவர்களை நாற்காலியில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தூக்கியவர்கள் காய்ச்சல் ஊருக்கே இறங்கிப் போனார்கள். ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில் எந்த மூலைக்கு விலகுவது?

நான் தலைமையாசிரியரான பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மலையடிவாரத்து அரசுப் பள்ளி ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. கணிதத் தேர்வுக்கு முதல் நாள் மாலை, நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு மாணவிக்கு அம்மை என்று செய்தி வந்தது. வகுப்பாசிரியையும் நானும் வீட்டுக்குச் சென்றோம். வாசலில் வேப்பிலை. பாட்டி வழிமறித்து, "ஐயா, ஆத்தா இறங்காம அனுப்ப மாட்டோம்" என்றார். என் அப்பத்தாவே நிற்பதுபோல் இருந்தது. வேப்பிலை இருக்கட்டும், மஞ்சள்நீரும் ஊற்றுங்கள், ஆனால் அரசு மருத்துவமனைக்கு இன்றே போக வேண்டும் என்று வேண்டினேன். எனக்குப் பதினாறு வயதில் நேர்ந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசியபின், "பிள்ளையைப் பார்த்துக்கிடுங்க ஐயா" என்றார் அந்தத் தாய்.

தேர்வு மையங்களில் இத்தகைய மாணவர்களைத் தனியறையில் அமர்த்தி எழுத வைப்பது நெடுநாள் வழக்கம். மையப் பொறுப்பாளரிடம் அன்றிரவே தெரிவித்தோம். முன்பே அம்மை கண்டு தேறிய ஆசிரியர் ஒருவரை அந்த அறைக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். அம்மாணவி அரிப்பைப் பொறுத்துக்கொண்டு, நடுநடுவே பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள். தேறினாள்.

ஆனால் எனக்கு உறக்கம் கெட்டது வேறொன்றினால். மறுநாள் ஊர்த்தெருவிலிருந்து நாலைந்து பேர் வந்து, "காலனியில் அம்மை போட்டிருக்கிறது, அந்தப் பிள்ளைகள் யாரும் தேர்வு முடியும்வரை பள்ளிக்குள் வரக்கூடாது" என்றார்கள். அதே வாரம் ஊர்த்தெருவிலும் ஒரு பையனுக்கு அம்மை. அந்தத் தெருப் பிள்ளைகளையும் நிறுத்தலாமா என்று கேட்டேன். பதில் இல்லை. கொப்புளம் உள்ளவர் எந்தத் தெருவினராயினும் தனியறை. இல்லாதவர் எந்தத் தெருவினராயினும் பொது அறை என்று சொல்லி அனுப்பினேன்.

இளைஞர்களே, இந்த இடத்தைச் சற்று ஊன்றிக் கேளுங்கள். தீட்டு வேறு, தொற்று வேறு. நம்மை ஒதுக்கிவைத்த தீட்டுக்குக் கிருமியும் இல்லை, முடிவு நாளும் இல்லை. தொற்றுக்கு இரண்டும் உண்டு. கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டும் வரை, ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு நாள் வரை அது பிறருக்குப் பரவும், அதன்பின் பரவாது. தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்ட புண் ஆறாததால், நோயில் விலகியிருக்கச் சொன்னாலும் நமக்குச் சுருக்கென்கிறது. அதனால் சிலர் நோயை மறைத்துக்கொண்டு தேர்வறைக்குள் நுழைகிறார்கள். பக்கத்தில் இருப்பவள் கருவுற்ற ஆசிரியையாகவும் இருக்கக்கூடும். அவருக்கும் வயிற்றுக் குழந்தைக்கும் அது பெருந்தீங்கு. மறைக்காதீர்கள். தனியறை கேளுங்கள். அது உங்கள் உரிமை, பிறர்க்கு நீங்கள் செய்யும் நன்மையுங்கூட.

மருத்துவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் மருத்துவன் அல்லேன். பன்னிரண்டு வயது கடந்தவர்களுக்குச் சின்னம்மை குழந்தைகளைவிடக் கடுமையாக வரும். கொப்புளம் கண்ட முதல் நாளிலேயே மருத்துவரைப் பார்த்தால், அசைக்ளோவிர் என்ற மாத்திரை தருவதுண்டு. தாமதித்தால் அதன் பயன் குறையும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் கேடு அதனால் வரலாம். சப்பானிய மருத்துவர் மிச்சியாகி தக்காஹாஷி தம் மகன் சின்னம்மையில் துன்புற்றதைக் கண்டு, அதற்கொரு தடுப்பூசியை ஆக்கி 1974-இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கடந்தும், நம் அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசிப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. காசு கொடுத்தால் கிடைக்கும். கூலி வீட்டுக்கு எட்டாத விலை. இதைக் கேட்டுப் பெற வேண்டியதும் சங்கங்களின் வேலை என்பது என் கருத்து.

கொரோனாக் காலத்தை நீங்களே கண்டவர்கள். 2020 மார்ச்சு 24-ஆம் நாள் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசித் தேர்வு. அச்சத்திலும் போக்குவரத்துக் குறைவிலும் வராமற்போனவர்களுக்கு ஜூலை 27-இல் மறுதேர்வு வைத்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வை நடத்த நாள் குறித்துக் குறித்து, இறுதியில் ஜூன் 9-ஆம் நாள் கைவிட்டார்கள். ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேர்வின்றித் தேறினார்கள். பலர் மகிழ்ந்தார்கள். நான் மதிப்பெண் பட்டியலோடு உட்கார்ந்தபோது மகிழவில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு எண்பது விழுக்காடும், வருகைப்பதிவுக்கு இருபது விழுக்காடும் என்று கணக்கு. பூண்டு எடுப்புக்கும் காப்பிப் பழம் பறிப்புக்கும் போய் வருகையை இழந்தவர்கள், 'கடைசியில் படித்துக்கொள்ளலாம்' என்று அரையாண்டை விட்டவர்கள், எல்லோரும் நம் பிள்ளைகள். கடைசித் தேர்வில் எழுந்து நிற்கக்கூடிய திறமுள்ள மாணவன் ஒருவன், "ஐயா, நான் எழுதியிருந்தா இதைவிட வாங்கியிருப்பேனே" என்று என் மேசையருகே நின்றான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பிலும் தேர்வு கைவிடப்பட்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே பாதியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே அரையாண்டுத் தேர்வை எவரும் இளக்காரமாக எண்ணாதீர்கள்.

இன்று என் காலத்தைவிட ஒரு வாய்ப்பு மிகுதி. தேர்வைத் தவறவிட்டாலும், முடிவு வந்த சில வாரங்களில் துணைத்தேர்வு நடக்கிறது; அதில் தேறினால் அதே ஆண்டே மேல்வகுப்பில் சேரலாம். பெற்றோர்களே, அந்தச் சில வாரத்துக்குள் பிள்ளையைத் திருப்பூருக்கு அனுப்பிவிடாதீர்கள்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மார்ச்சு, ஏப்ரல் இரண்டு மாதமும் ஒவ்வொரு குடியிருப்பிலும் படித்த இளைஞர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தேர்வெழுதும் பிள்ளைகளின் பட்டியல் அவரிடம் இருக்கட்டும். எந்த வீட்டிலாவது சிறு தம்பிக்கோ தங்கைக்கோ அம்மை கண்டால், தேர்வெழுதும் பிள்ளையை அன்றே அம்மை கண்டிராத வேறு வீட்டுக்கு மாற்றாமல், ஏற்கெனவே அம்மை கண்டு தேறியவர்கள் மட்டுமே உள்ள வீட்டில் படுக்க வையுங்கள். தேர்வெழுதும் பிள்ளைக்கே நோய் கண்டால், மருத்துவமனைக்கு ஒருவர், தலைமையாசிரியரிடம் ஒருவர் என்று அன்றைக்கே புறப்படுங்கள். சங்கத்தின் கட்டடத்தில் ஓர் அறையை அந்த இரண்டு மாதமும் ஒழித்துத் தந்தால் இன்னும் நலம்.

என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'அக்டோபர் 1986' என்று இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற இடத்திலும், வேலைக்குச் சான்று சரிபார்த்த இடத்திலும், "மார்ச்சில் தவறிவிட்டீரா?" என்று கேட்டார்கள். "அம்மை வார்த்தது" என்பேன். ஒருவர் மட்டும் தலைநிமிர்ந்து பார்த்து, "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.