இல்லத்தில் சுதந்திரம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் தேசம் 1947-ஆம் ஆண்டில் சுதந்திரம் பெற்றது. 1950-இல் அரசியல் சட்டமும் அமுலுக்கு வந்தது. சுதந்திரத்தின் பெருமையை மேடைகளில் நாம் பேசாத நாளில்லை. ஆயினும் அச்சுதந்திரம் வாயிற்படி கடந்து நம் வீட்டுக்குள் வந்ததா என்று நம்மை நாமே வினவியதுண்டா?

எதை உடுப்பது, எதைக் கற்பது, எத்தொழிலை மேற்கொள்வது, யாரை மணப்பது என்பனவே நம் அன்றாட வாழ்க்கை. இவற்றுள் ஒன்றிலேனும் தன் கருத்தைக் கூற இடம் பெறாதவருக்குத் தேசத்தின் சுதந்திரம், அடுத்த ஊர்த் திருவிழாவின் மேளச் சத்தம் போன்றதே. காதில் விழும், கையில் எட்டாது.

1989-ஆம் ஆண்டு முதல் 18 வயது நிரம்பியோர் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு. நாட்டை ஆள்வோர் இன்னாரெனத் தீர்மானிக்கத் தகுதி பெற்ற பெண், தான் கற்க வேண்டிய பாடத்தைத் தீர்மானிக்கத் தகுதியற்றவள் என்பது என்ன நியாயம்?

"பிள்ளைகள் உலகம் அறியாதவர்கள், நாமோ அனுபவசாலிகள்" என்று பெரியோர் சிலர் கூறுவர். அது மெய்யே. ஆனால் அனுபவம் வழிகாட்டுவதற்கே அன்றி விலங்கிடுவதற்கன்று. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறு நாம் அறிந்ததே. பருவமெய்திய பெண்களைப் பள்ளியினின்று நிறுத்திவிடும் அக்காலத்தில், அவர்தம் தந்தையார் மகளின் கல்வி விருப்பத்திற்குத் துணைநின்றார். அம்மையார் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்றார்; 1914-இல், தம்மைச் சரிநிகராக மதிக்கவேண்டும் என்ற நிபந்தனையின்மேல் மணம் புரிந்துகொண்டார். அத்தந்தையார் மகளின் வழியை மறித்திருப்பின் நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம்!

நம் இல்லத்துச் செய்தி ஒன்றையும் மறைக்காமல் கூறுகிறோம். நம் தமக்கையாருக்கு, தாம்பூலம் மாற்றிய பின்னரே தம் கலியாணச் செய்தி தெரிந்தது. அவர் மறுக்கவில்லை, அழவுமில்லை. மணவாழ்வும் நல்லபடியாகவே நடந்தது. ஆயினும் நாற்பது ஆண்டுகள் கழித்து ஒருநாள், "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தம்பி" என்றார். நல்ல வரனே வாய்த்தபோதும் கேளாமற் கொடுத்த குறை ஆறவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் நமக்கு முன்னே சென்றுவிட்டது. வற்புறுத்திப் பெற்ற சம்மதத்தின்மேல் நடந்த மணத்தை நீதிமன்றம் ரத்துச் செய்ய, 1955-ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டமே இடந்தருகிறது. வயது வந்த இருவர் மனமொத்து மணம் புரியக் குடும்பத்தாரின் சம்மதமோ குலத்தாரின் சம்மதமோ அவசியமன்று என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்பர்களே, 'குலத்தார்' என்ற அச்சொல் வேறு யாரையோ சுட்டுவதன்று, நம்மையும் சுட்டுகிறது. ஒரு குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் இதைக் கேட்டும் கேளாதவர்போல் இருத்தல் தகாது.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சுதந்திரம் வேறு, மனம்போன போக்கு வேறு. தாமே தேர்ந்த வழியின் நன்மை தீமைகளைத் தாமே தாங்கும் உறுதி உள்ளவர்க்கே சுதந்திரம் அழகு தரும். பெற்றோர் சொல்லை முழுதும் கேளுங்கள்; பின்னர் அஞ்சாது உங்கள் கருத்தைப் பணிவுடன் கூறுங்கள்.

முடிவாக ஒரு யோசனை. நம் சங்கத்தில் வரன் பதிவேடு ஒன்று உண்டு. நட்சத்திரம், படிப்பு, உத்தியோகம், சம்பளம், உயரம் முதலிய யாவும் அதில் உள. மணமக்களின் சம்மதம் என்ற கட்டம் மாத்திரம் இல்லை. இனி, பெண்ணும் பிள்ளையும் தம் கைப்படக் கையெழுத்திட்டாலன்றி எந்த ஜாதகத்தையும் பதிவதில்லை என இச்சபை தீர்மானிக்க வேண்டுகிறோம். இது சிறு காரியமே. ஆயினும், "உன் விருப்பம் என்ன, அம்மா?" என்ற கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறையேனும் கேட்கச் செய்யும். கேட்ட பிறகு, வரும் விடை எதுவாயினும் அதை மதிக்கும் மனமும் நமக்கு வேண்டும்.